தேவர் விழைந்த மக்கட் பிறப்பு

மெய்ந்நூற்பொருள் ஆராய்தற்கென நிறுவப்பட்ட இத்தாளில் படக்காட்சி ஒன்றனைப் பற்றி எழுதப் புகுதல் தகுமோ என அன்பர் சிலர் வினவுதல் கூடும். படக்காட்சி என்றவளவில் முகஞ்சுளிக்கும் இயல்பு நம்மவரிற் பலர்க்கு உண்டு. அவ்வியல்பிற்குப் போதிய காரணமும் உண்டென்பதை யாம் மறுக்கின்றிலேம். ஆயினும் ஒரு பொருளை ஆராய்வார்க்கு, அஃது எவ்வாயிலாக வந்தது என்பதினும் வந்த பொருள் யாது என்பதே நோக்கத்தக்கது. செருமானிய நாட்டினராகிய விம் வெண்டர்ஸ் என்பார் 1987-ஆம் ஆண்டில் ஆக்கியளித்த ‘பெர்லின்மேல் வானம்’ என்னும் படம், உடம்பொடு கூடிய வாழ்க்கை உயிர்க்கு ஆக்கமோ கேடோ என்னும் பழைய வினாவைப் புதியதோர் பக்கத்தினின்று எழுப்புகின்றது. ஆதலின் அதனை ஈண்டு எடுத்துக்கொண்டாம்.

படத்தின் பெயரிலேயே ஒரு நயம் உளது. செருமானிய மொழியில் ‘ஹிம்மல்’ என்னுஞ் சொல் கண்ணாற் காணும் விசும்பினையும், நல்வினை செய்தார் எய்தும் துறக்கத்தினையும் ஒருங்கு குறிக்கும். நம் மொழியில் ‘வான்’ என்னும் சொல்லும் அத்தகையதே. ஆங்கிலத்திலும் பிரெஞ்சு மொழியிலும் இப்படத்திற்கு ‘விழைவின் சிறகுகள்’ எனப் பொருள்படும் பெயர் வழங்குகின்றது. அப்பெயர் மட்டுங் கேட்டார் இதனை ஒரு காதற்கதை எனக்கொண்டு ஒழிவர். காதலும் இதன்கண் உண்டு. ஆனால் இதன் உயிர்நிலை அஃதன்று என்பது மேலே விளங்கும்.

வெண்டர்ஸ் 1945-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், ஐரோப்பாவில் இரண்டாம் உலகப்போர் ஓய்ந்து மூன்று திங்கள் கழிந்தபின் பிறந்தவர். படத்தில் வரும் சிறந்த பகுதிகள் பலவற்றை எழுதியுதவியவர் ஆஸ்திரிய நாட்டெழுத்தாளர் பீட்டர் ஹாண்ட்கே. இவர் பின்னர் 2019-இல் நோபெல் பரிசு பெற்றார். கான் நகர்த் திரைப்பட விழாவில் 1987-ஆம் ஆண்டின் சிறந்த இயக்குநர்க்குரிய பரிசு வெண்டர்ஸ் அவர்கட்கு அளிக்கப்பட்டது. இவை நிற்க.

கதை மிகச் சுருங்கியது. பெர்லின் நகரம் 1961 முதல் 1989 வரை ஒரு மதிலால் இருகூறாகப் பிளவுண்டு கிடந்தது. மேற்குப் பகுதியைச் சூழ்ந்து ஏறத்தாழ 155 கிலோமீட்டர் ஓடிய அம்மதிலிடத்துக் குறைந்தது 140 பேர் உயிர் நீத்தனர் என்பது பின்னாளில் ஆராய்ந்து கண்ட கணக்கு. அம்மதில் நின்ற காலத்துப் பெர்லினில் தாமியேல், காசியேல் என்னும் தேவதூதர் இருவர் உலவுகின்றனர். நீண்ட மேற்சட்டை பூண்டு மக்களைப்போலவே தோன்றும் இவர், வளர்ந்தோர் கண்ணுக்குப் புலனாகார். சிறுகுழவிகளே இவரைக் காணும். மாந்தர் நெஞ்சினுள் நினைப்பதெல்லாம் இவர் செவியிற் பேச்சாய் வந்து விழும். அந்நிலத்தில் ஆறு தன் வழியை முதற்கண் வகுத்துக்கொண்ட காலந்தொட்டு நிகழ்ந்தன யாவற்றையும் இவர் கண்டுள்ளார். காண்டல், கண்டதனை நினைவிற் பதித்தல், சான்றாய் நிற்றல் ஆகிய இவையே இவர்தம் தொழில். இருவருள் தாமியேல் என்பான், வட்டரங்கு ஒன்றில் உயர ஊசலாடும் மாரியோன் என்னும் நங்கைபால் அன்புற்று, மனிதனாகப் பிறக்க விழைந்து, அங்ஙனமே ஆகின்றான். தேவன் இழிய விரும்புகின்றான். அவன் விரும்பிய நங்கையோ கோழியிறகாற் செய்த சிறகுகளைக் கட்டிக்கொண்டு பறக்க முயல்கின்றாள்.

இத்தேவர்தம் நிலை எத்தகைத்து என்பதனைக் காட்டற்கு வெண்டர்ஸ் அமைத்த காட்சிகளுள் மூன்றனை மட்டும் ஈண்டுக் கூறுவாம்.

முதலாவது நூல்நிலையக் காட்சி. ஹான்ஸ் ஷாரௌன் என்னும் கட்டடக் கலைஞர் வகுத்து, அவர் மறைவின் பின் 1978-இல் திறக்கப்பெற்ற பெர்லின் அரசாங்க நூல்நிலையத்தில், படிப்பார் ஒவ்வொருவர் அருகிலும் ஒரு தேவதூதர் குனிந்து நிற்கின்றார். நூறு நெஞ்சங்களின் வாசிப்பொலி ஒருங்கு கூடி மந்திரவோதை போல முழங்குகின்றது. ஆண்டுத் தாமியேல் ஒருவர்முன் கிடந்த எழுதுகோலைக் கையால் எடுக்கின்றான். எடுத்த கையில் வருவது எழுதுகோலின் சாயல். எழுதுகோல் கிடந்தபடியே மேசைமேற் கிடக்கின்றது. பொருளை அறிதல் வேறு, பொருளைப் பற்றுதல் வேறு என்பதை இதனினும் எளிதாகக் காட்டல் அரிது. எத்துணையோ ஏடுகள் எழுதி விளக்கவேண்டியதனை ஒரு நொடியிற் காட்டிவிட்ட திறத்தை யாம் வியக்கின்றோம்.

இரண்டாவது, மோட்டார் வண்டியினின்று வீழ்ந்து பாலத்தருகே சாகக் கிடக்கும் ஒருவனது காட்சி. சுற்றி நிற்பார் வெறிதே நோக்கி நிற்ப, தாமியேல் அவன் தலையைத் தாங்கி அமர்கின்றான். அச்சமுங் கலக்கமுமாய் ஓடிய அவன் நினைவு மெல்லத் திரும்பி, வாழ்நாளில் தான் விரும்பியவற்றை ஒவ்வொன்றாய் எண்ணத் தொடங்குகின்றது. சாவு தவிர்ந்திலது; சாவின் தனிமை தவிர்ந்தது. இதுவரை தேவர் நிலை சிறந்ததே எனலாம்.

மூன்றாவது காட்சியே அந்நிலையின் எல்லையைக் காட்டுவது. உயர்ந்த மாடத்தின் விளிம்பில் இளைஞன் ஒருவன் உயிர்விடத் துணிந்து அமர்ந்திருக்கின்றான். காசியேல் அவன் தோளிற் சாய்ந்து, தன்னாலியன்ற ஆறுதலெல்லாம் அவன் நெஞ்சிற் பெய்ய முயல்கின்றான். அவன் குதித்து விடுகின்றான். பற்றி நிறுத்தற்குக் காசியேலுக்குக் கையில்லை; கைபோல்வது ஒன்று உளது, அவ்வளவே. அவன் கதறும் கதறலை யாருங் கேட்டிலர்.

தேவர் நோக்கில் உலகனைத்தும் கருமையும் வெண்மையுமாகவே படத்தில் வருகின்றது. மாந்தர் நோக்கிற்கு மாறிய பொழுதே வண்ணம் எழுகின்றது. இவ்வொளிப்பதிவினைச் செய்தவர் 1909-இற் பிறந்த ஆன்றி அலெகான் என்னும் பிரெஞ்சு முதியவர். தம் பாட்டியார் அணிந்த பட்டுக் காலுறையைப் படப்பொறியின் முன் வைத்து, அக்கருவெண் காட்சிகட்கு ஒரு மென்மை வருவித்தார் என்பர்.

இனி, இப்படத்தின் பொருளை ஆராய்வாம். நம் புராணங்களில் வரும் தேவர் போகவுடம்பு உடையவர். அமுதுண்பர், மகளிரொடு களிப்பர், அசுரர்க்கு அஞ்சுவர். வெண்டர்ஸ் காட்டுந் தேவரோ உண்டிலர், உறங்கிலர், துய்த்திலர். இவர்க்கு ஒப்பு நம் தேவரிடத்துத் தேடற்பாலதன்று. நிரீச்சுர சாங்கியர் கூறும் புருடனிடத்துத் தேடற்பாலது. அப்புருடன் அறிவே வடிவாய், செயலொன்றும் இன்றி, பிரகிருதியின் கூத்தை நோக்கிநிற்கும் வெறுஞ் சாட்சி. சிவஞான சித்தியார் பரபக்கத்துள் அக்கொள்கை எடுத்து மறுக்கப்பட்டமை நம் வாசகர் அறிந்ததே. செயலாற்றல் இல்லாத அறிவு முழுமையான அறிவாமோ என்பதே ஆண்டு எழும் கேள்வி. அறிவு, இச்சை, செயல் என்னும் மூன்றும் உயிரின் ஆற்றல்கள் என்றும், இவற்றுள் ஒன்றனை நீக்கி ஒன்றனை மட்டும் உயிரியல்பு எனக் கோடல் குறைபாடாம் என்றும் நம் ஆசிரியர் கொண்டனர். காசியேலின் கதறல் அவ்வுண்மையின் கண்கூடான எடுத்துக்காட்டு. அவன் அறிவிற்குக் குறைவில்லை. இளைஞன் குதிக்கப்போவதை அவனினும் தெளிவாய் அறிந்தார் பிறர் இலர். இச்சைக்கும் குறைவில்லை. செயல் ஒன்றே இல்லை. அஃது இன்மையால் ஏனைய இரண்டும் வீணாயின.

ஈண்டு நம் நூல்வழக்கு ஒன்று நினைவிற்கு வருகின்றது. காலம், நியதி, கலை, வித்தை, அராகம் என்னும் ஐந்தும் உயிர்க்குச் சட்டைபோல அமைதலின் பஞ்சகஞ்சுகம் எனப்பட்டன. இவற்றுட் கலை என்பது செயலாற்றலை எழுப்புவது. வித்தை அறிவினை எழுப்புவது. அராகம் விழைவினை எழுப்புவது. காலம் இறப்பு நிகழ்வு எதிர்வு என வரையறுப்பது. நியதி அவரவர் வினையை அவரவர்க்கே உரியதாக்குவது. இவ்வைந்தனையும் கையிற்கொண்டு இப்படத்தைப் பார்ப்பார்க்கு அதன் மறைபொருள் பலவும் புலனாகும். தாமியேலிடம் உள்ளது வித்தை. அராகம் அரும்பத் தொடங்கியுளது. ஏனைய மூன்றும் இல்லை. எல்லாக் காலத்தையும் கண்டவன் ஆதலின், ‘இப்பொழுது’ என்று சொல்லுதற்கு உரிய ஒரு பொழுது அவனுக்கு இல்லை. அவன் தன் தோழனிடத்துக் கூறும் விருப்பங்களைக் கேட்டார்க்கு முதலில் நகை பிறக்கும். நெடும்பகல் உழைத்து வீடு திரும்பிப் பூனைக்கு உணவிடல் வேண்டும் என்கின்றான். காய்ச்சல் வருதல் வேண்டும், செய்தித்தாள் படித்து விரலில் மை ஒட்டுதல் வேண்டும் என்கின்றான். நாம் தொல்லை எனத் தள்ளுவனவற்றையே அவன் பேறாகக் கேட்கின்றான். நகைத்து முடித்தபின் எண்ணின், இவற்றுள் ஒவ்வொன்றும் ஒரு பொழுதிற்கும் ஓர் உடம்பிற்கும் உரியது, பிறர்க்கு மாற்றித் தர இயலாதது என்பது தோன்றும். அவன் கேட்பது காலமும் நியதியும்.

அவன் மனிதனாய் விழித்தெழுகையில் அவன் பூண்டிருந்த தேவர்க்குரிய மார்புக்கவசம் மேலிருந்து தலையில் விழுகின்றது. குருதி வருகின்றது. அதனைத் தொட்டு நாவிற்கொண்டு சுவை பார்த்து மகிழ்கின்றான். மதிலில் தீட்டிய ஓவியங்களைக் காட்டி, இது செம்மையோ, அது நீலமோ என வழிப்போக்கன் ஒருவனை வினாவுகின்றான். பின் அக்கவசத்தை விற்று, பல வண்ணம் கலந்த மலிவான சட்டை ஒன்றனை வாங்கி அணிந்துகொள்கின்றான். ஒரு சட்டையைக் கழற்றி ஐந்து சட்டையை ஏற்றான் என்று நம்மவர் ஒருவர் உரை எழுதலாம். ஆனால், வெண்டர்ஸ் நம் நூல்களைக் கற்றே இதனை அமைத்தார் என்று யாம் கூறவந்திலேம். மேனாட்டார் நல்லதொன்று சொல்லின் உடனே அதனை நம்மிடமிருந்து பெற்றதெனச் சாதிக்கும் வழக்கம் நம்மவரிற் சிலர்க்கு உண்டு. அஃது அவர்க்கும் பெருமையன்று, நமக்கும் பெருமையன்று. வேறிடத்து நின்று ஆராய்ந்தாரும் இவ்விடத்திற்கே வந்து சேர்ந்தனர் என்பதே நாம் மகிழ்தற்குரியது.

தேவனையும் மனிதனையும் வேறு பிரித்தறியும் அடையாளம் யாது? இவ்வினாவிற்கு நம் புலவர் விடை கூறியுள்ளனர். நளன் வடிவில் தேவர் நால்வர் வந்து மணமன்றில் அமர்ந்தபோது, தமயந்தி உண்மை நளனைத் தெரிந்தது எவ்வாறு? கண்ணிமைத்தலாலும், அடி நிலத்திற் பொருந்தலாலும், மாலை வாடுதலாலும். அவள் தெரிந்துகொண்டன யாவும் குறைகளே. இமையாத கண்ணும் வாடாத மாலையும் அவள்முன் நான்கிருந்தும், வாடும் மாலை உடையவனையே அவள் விழைந்தாள். பெர்லின் மதிலின் இரு சுவர்கட்கு இடையே கிடந்த கொலைநிலத்தில் நடந்துவரும் தாமியேலை நோக்கிப் பேசிவரும் காசியேல், திடீரெனக் கீழ்நோக்கி வாயடைத்து நிற்கின்றான். தாமியேலின் காலடிகள் மண்ணிற் பதிந்திருக்கின்றன. அடி நிலந்தோய்ந்தது. வெண்டர்ஸ் தமயந்தி கதையை அறிந்திருத்தல் வேண்டும் என்பது இல்லை. ஆயினும் அக்காட்சியைக் காணும் நம்மவர்க்கு அதனை நினையாதிருத்தல் இயலாது. மனிதன் நடக்கின் சுடப்படும் இடத்தில், அவன் முதலடி பதிந்தது என்பதனையும் மறவற்க. மெய்யான அவ்விடத்திற் படம்பிடிக்க இசைவு கிடையாமையின், மதிலைத் தனியே கட்டுவித்தே அக்காட்சியை எடுத்தனர்.

அற்றேல், ஒரு பெண்பால் வைத்த ஆசையாற் சாவாமையை இழந்தான் ஒருவனைப் போற்றுதல் முறையோ, பற்றறுத்தலைப் பயில்வார்க்கு இஃது எங்ஙனம் உடன்பாடாம் எனத் துறவொழுக்கம் பூண்டோர் கேட்பர். தக்க கேள்வியே. இதற்கு விடை, அந்நகரின் வரலாற்றினுள் உளது. படத்தினுள்ளே இன்னொரு படம் எடுக்கப்படுகின்றது. அது நாத்ஸி ஆட்சிக் காலத்தைப் பற்றியது. யூதர் என்பதற்கு அடையாளமாக மஞ்சள் விண்மீன் தைத்த உடையில், துணைநடிகர் குளிரிற் காத்திருக்கின்றனர். குண்டுவீச்சால் இடிந்த பெர்லினின் பழைய மெய்ப்படங்களும் இடையிடையே வருகின்றன. தூர்ந்து வெளியாய்க் கிடக்கும் போட்ஸ்டாம் சதுக்கத்தில், தான் இளமையிற் கண்ட கடைத்தெருவைத் தேடி முதியவர் ஒருவர் தள்ளாடி அலைகின்றார். அவராக நடித்த கூர்ட் போய்ஸ், 1901-இற் பெர்லினிற் பிறந்து, யூதராகையால் நாத்ஸிகளுக்குத் தப்பி நாடு நீங்கி, 1950-இல் மீண்டவர். அவர் தேடியது நடிப்பிற்காக மட்டும் தேடியதன்று.

தேவதூதர் இவையெல்லாம் நிகழ்ந்தபொழுது ஆண்டு இருந்தனர், கண்டனர், நினைவிற் பதித்தனர், ஒன்றனையும் தடுத்திலர். இவ்வொரு செய்தியை யாம் படத்தின் நடுநாடியாகக் கொள்கின்றோம். கொலையைக் கண்டும் வாளாவிருந்த சாட்சி குற்றமற்றவன் ஆவானோ? அவனாற் செயல் இயலாது ஆகலின் குற்றமின்று என்று விடுக்கலாம். ஆனால் குற்றத்திற்கு இடமில்லாதவனிடத்து அறத்திற்கும் இடமில்லை. பழியுறாமை அவனுக்கு ஒழுக்கத்தால் வந்ததன்று, கையின்மையால் வந்தது. தாமியேல் இழிந்துவர விழைந்தது இன்பத்திற்கு மட்டுமன்று. பிழைத்தற்கும் திருத்தற்கும் உரிய இடத்திற்கு. துறக்கத்தைப் போகபூமி என்றும், இந்நிலத்தைக் கருமபூமி என்றும் நம் முன்னோர் பிரித்ததும் இதுபற்றியே. வானோர் தலைவரும் இந்நிலத்திற் பிறக்கப் பெற்றிலமே என வருந்துவதாக மணிவாசகப் பெருமான் திருப்பள்ளியெழுச்சியுள் அருளினார். ஆண்டு அவர் வருந்துவது அருள்பெறும் வாயில் இந்நிலமே என்பதனால். தாமியேல் வருந்துவது அத்துணை உயர்ந்த காரணத்தாலன்று. வேற்றுமை பெரிது. எனினும் இறங்கிவரும் படி ஒன்றே.

துறவு என்பதன் பொருளும் இதனால் தெளிவுறும் என்பது எம் கருத்து. துறத்தற்கு ஒன்று உடையவனே துறவி. காப்பியின் வெம்மை அறியாதான் அதனைத் துறந்தான் எனல் யாங்ஙனம்?

காப்பி என்றமையின் பீட்டர் பாக் என்பாரைப் பற்றிக் கூறாது செல்லல் தகாது. அமெரிக்க நாட்டு நடிகராகிய இவர் துப்பறிவோர் கதைகளால் உலகறிந்தவர். இப்படத்திற் பீட்டர் பாக் ஆகவே வருகின்றார். மூன்றாம் வயதில் ஒரு கண்ணை இழந்த இவரே, வளர்ந்தோருள் தேவர் அருகிலிருப்பதை உணர்பவராக அமைந்தது நயமுடைத்து. தெருவோரச் சிற்றுண்டிக்கடை யொன்றில் நின்றுகொண்டு, கண்ணுக்குத் தோன்றாத தாமியேலை நோக்கி, நீ இங்கிருப்பதை அறிவேன் என்கின்றார். குளிர்ந்த கைகளை ஒன்றோடொன்று தேய்த்தல், காப்பியும் புகையும் ஒருங்கு துய்த்தல், தாளிற் கோடிழுத்தல் ஆகிய இவை எத்துணை நல்லன என்று எடுத்துரைத்து, நட்பிற்கு அறிகுறியாகக் கை நீட்டுகின்றார். இவரும் முன்னொருகால் தேவராயிருந்து இழிந்தவரே என்பது பின்னர் வெளிப்படும். மனிதனான தாமியேல் இவரிடம் ஓடிவந்து, எல்லாம் அறியவேண்டும் என்று கெஞ்ச, அதனை நீயே கண்டறிதல் வேண்டும் என்று சொல்லிப் போய்விடுகின்றார். ஆசிரியர் பலர் இவ்வளவு அறிவுடையராயின் மாணாக்கர் எவ்வளவோ பிழைப்பர்.

இனிக் குறைகளும் சொல்லல் வேண்டும். மாரியோனும் தாமியேலும் முதன்முறை நேர்நின்று சந்திக்கும் இடத்து அந்நங்கை நிகழ்த்தும் நெடுமொழி எமக்கு இனிதாயிருந்திலது. அதுகாறும் எழுதுகோலாலும் காலடியாலும் பேசிய படம், ஆண்டுத் திடீரெனச் சொற்பொழிவு நிகழ்த்துகின்றது. இதனினும் பெரிய குறை ஒன்று உளது. தாமியேல் மனிதனான சின்னாளே நாம் காண்கின்றோம். காயத்தின் குருதி இனித்தது; மாறாப் பிணியின் வலி இனிக்குமா? விரலில் ஒட்டிய மை விருப்பந் தந்தது. கண் மங்கி அம்மையெழுத்துப் புலனாகாத நாள் வருமே, அன்று? அறுபதாண்டு கடந்த எம்மனோர்க்கு இக்கேள்வி வெறுங் கேள்வியன்று. உடம்பின் காலைப்பொழுதை மட்டும் காட்டி உடம்பு நன்று என முடித்தல் வழக்கை ஒருபக்கம் மட்டும் கேட்டுத் தீர்ப்பளிப்பது போலும். வெண்டர்ஸ் இதனை அறியாதவர் அல்லர். தன் தெருவைத் தேடியலையும் அம்முதியவரைப் படத்தில் வைத்தமையே அதற்குச் சான்று. ஆயின் தாமியேலையும் அம்முதியவரையும் அவர் ஒருவரோடொருவர் பேச விட்டிலர். பேசியிருப்பின் இப்படம் இன்னும் ஆழமுடையதாயிருக்கும்.

இறுதிக் காட்சியில், மாரியோன் தொங்குகயிற்றில் ஏறிச் சுழன்று பயில்கின்றாள்; தாமியேல் கீழே நின்று கயிற்றைப் பிடித்திருக்கின்றான். அவன் கைப்பிடி தளரின் அவள் வீழ்வாள். கை என்று ஒன்று வந்தவுடன் அதற்கொரு பொறுப்பும் வந்தமையை இங்ஙனம் காட்டினர். சற்றுத் தொலைவில், படியொன்றில், வண்ணமின்றிக் கருவெண்மையாகக் காசியேல் அமர்ந்து நோக்கிக்கொண்டிருக்கின்றான்.

அவன் கதை 1993-ஆம் ஆண்டில் வெண்டர்ஸ் ஆக்கிய மற்றொரு படத்தில் தொடர்கின்றது. அதன்கண் உயர்ந்த மாடத்தினின்று பெண்குழவி ஒன்று தவறி விழுகின்றது. காசியேல் எண்ணியிரானாய் ஓடிக் கீழ்நின்று ஏந்துகின்றான். அக்குழவியின் கனம் அவன் கையில் உற்றது. அந்நொடியே அவனும் மனிதனாயினான்.